துன்ப காலத்தில் வேதாகமத்தை வாசிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையோ, உடல்நலமோ, நெருங்கிய உறவோ கைவிட்டுப் போன நாட்களில்தான் பலர் வேதாகமத்தைக் கையில் எடுக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் சில நாட்களிலேயே அதை மூடி வைத்தும் விடுகிறார்கள். அதற்கு விசுவாசக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் எங்கே தொடங்குவது, எப்படி வாசிப்பது என்று யாரும் சொல்லித் தராததே பெரும்பாலும் உண்மையான காரணம். ஆதியாகமத்தில் ஆர்வத்தோடு தொடங்கி லேவியராகமத்தின் பலி முறைமைகளில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே ஒரு பழைய அரசனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைத் தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு மேலும் கலங்குகிறவர்களும் உண்டு. இந்த வழிகாட்டி அத்தகைய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேதாகமத்தை முன்பின் வாசித்திராதவர்களும் இதைப் பின்பற்றலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ரோமர் 15:4இல், அதாவது ரோமர் என்ற கடிதத்தின் 15ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில், அப்போஸ்தலனாகிய பவுல், முன்பு எழுதப்பட்டவை எல்லாம் நமக்குப் போதனையாக எழுதப்பட்டன என்றும், வேதவசனத்தினால் உண்டாகும் பொறுமையினாலும் ஆறுதலினாலும் நாம் நம்பிக்கையுள்ளவர்களாக வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் சொல்கிறார். நம்பிக்கைக்கு முன்பாகப் பொறுமையும் ஆறுதலும் அங்கே நிற்பதைக் கவனியுங்கள். துன்பம் விரைவில் தீர்ந்துவிடும் என்ற உறுதிமொழியைத் தேடி வேதாகமத்துக்குள் நுழைகிறவர் ஏமாற்றம் அடையக்கூடும். துன்பத்தின் நடுவிலும் கடவுளோடு பேச்சை நிறுத்திவிடாத மனிதர்களை அங்கே சந்திக்கலாம் என்று நுழைகிறவர் ஏமாறமாட்டார். ஆகவே வாக்குறுதிகளை அல்ல, முறையீடுகளை முதலில் வாசியுங்கள் என்பதே நான் தரும் முதன்மையான ஆலோசனை. கீழே வரும் படிகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் படி: பிரதியும் நேரமும்

இதில் அதிக யோசனை வேண்டாம். தமிழில் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படுவது, 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி வெளியிட்ட ‘பழைய திருப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பு. அதன் நடை இனிமையானது. ஆனால் புதியவருக்குச் சில இடங்களில் கடினமாக இருக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்றைய நடைக்கு நெருக்கமானது. கத்தோலிக்கர் ஏற்கும் கூடுதல் நூல்களும் அதில் அடங்கியுள்ளன. பழைய திருப்புதலில் ‘சங்கீதம்’ என்று இருப்பது அதில் ‘திருப்பாடல்கள்’ என்று இருக்கும். ‘கர்த்தர்’ என்பது ‘ஆண்டவர்’ என்று வரும். எது உங்களுக்குத் தடையின்றிப் புரிகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதி விளங்காதபோது மற்றொன்றில் அதே பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

கைபேசிச் செயலியில் வாசிப்பதிலும் தவறில்லை. ஆனால் செய்திகள் வந்து குறுக்கிடும் கருவியில் மனம் ஒன்றுவது கடினம் என்பதால், கவலை மிகுந்த காலத்தில் அச்சுப் பிரதியே நல்லது என்பது என் கருத்து. கூடவே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். உறக்கம் கெட்டிருக்கும் காலத்தில் நள்ளிரவில்தான் வாசிக்க முடிகிறது என்றால், நள்ளிரவிலேயே வாசியுங்கள். 77ஆம் சங்கீதத்தை எழுதியவரும் கண்ணை மூட முடியாத இரவில்தான் பேசுகிறார்.

இரண்டாம் படி: முறையீட்டுச் சங்கீதங்களில் தொடங்குங்கள்

சங்கீத புத்தகத்தில் 150 பாடல்கள் உள்ளன. துதிப்பாடல்களின் தொகுப்பு என்றே அது பொதுவாக அறியப்பட்டாலும், அதில் அதிகமாகக் காணப்படுவது முறையீடுதான். வலியில் இருக்கும் ஒருவருக்குத் தொடக்கத்திலேயே மகிழ்ச்சிப் பாடல்களைக் கொடுப்பது இரக்கமற்ற செயல் என்று நினைக்கிறேன். நீதிமொழிகள் 25:20 கூட, துக்கமுள்ள இருதயத்துக்கு முன்பாகப் பாட்டுப் பாடுகிறவனை, குளிர்காலத்தில் பிறருடைய ஆடையைக் களைகிறவனுக்கு ஒப்பிடுகிறது.

13ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள். ஆறே வசனங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்பதே அதன் முதல் வரி. முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை எழுகிறது. கடவுள் தன்னை மறந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டைக் கடவுளிடமே சொல்லும் துணிவு இந்தப் பாடலில் இருக்கிறது. அதைப் புனித நூலுக்குள் வைத்துப் பாதுகாத்து, வழிபாட்டில் பாடவும் செய்த ஒரு சமூகம் இருந்திருக்கிறது. உங்கள் மனத்திலுள்ள கசப்பைச் சொன்னால் அது பாவமாகிவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்த ஒரு பாடலே போதிய விடை. மூன்றாம், நான்காம் வசனங்களில் முறையீடு வேண்டுதலாக மாறுகிறது. கடைசி இரண்டு வசனங்களில் அவர் கடவுளின் கிருபையின்மேல் நம்பிக்கையாயிருப்பதாகச் சொல்கிறார். இடையில் சூழ்நிலை மாறியதாக எந்தக் குறிப்பும் இல்லை. பகைவர் அப்படியே இருக்கிறார்கள். கேள்விக்கும் பதில் வரவில்லை. மாறியது பேசுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது மட்டுமே.

அடுத்து 42, 43ஆம் சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்து வாசியுங்கள். “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்” என்ற பொருளில் ஒரே பல்லவி 42:5, 42:11, 43:5 ஆகிய மூன்று இடங்களில் வருவதால், இவ்விரண்டும் முதலில் ஒரே பாடலாக இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. தன் உள்ளத்தோடு தானே வாதாடும் மனிதர் அவர். ஒருமுறை சொன்னதும் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. மறுபடி கலங்குகிறார், மறுபடி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நேற்று ஆறுதல் கிடைத்தும் இன்று மீண்டும் மனம் உடைந்துவிட்டதே என்று உங்களை நீங்களே குறைகூறிக்கொள்ளும் நாளில் இந்தப் பல்லவியை நினையுங்கள்.

பிறகு 77, 6, 31, 73 என்று செல்லலாம். 23ஆம் சங்கீதம் பலருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும் என்பதால் அதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாமல், மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் நான்காம் வசனத்தில் நிறுத்துங்கள். அதுவரை கடவுளைப் பற்றி ‘அவர்’ என்று பேசிவந்தவர், பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் அவரை நேராக நோக்கி “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்கிறார். பள்ளத்தாக்கு இராது என்று அந்தப் பாடல் எங்கும் சொல்லவில்லை.

மூன்றாம் படி: ஒரு பகுதியை வாசிக்கும் முறை

எடுத்துக்கொண்ட பகுதியை முதலில் வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கையில், பேசுகிறவர் யார், யாரிடம் பேசுகிறார், அவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை, எந்த இடத்தில் பேச்சு திசை மாறுகிறது என்று தேடுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். அதன்பின் உங்கள் நிலைமைக்கு நெருக்கமான ஒரு வரியைக் குறிப்பேட்டில் கையால் எழுதி, அதற்குக் கீழே உங்கள் சொந்த முறையீட்டை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். எழுதியதை வேறு யாருக்கும் காட்டத் தேவையில்லை. ஆகவே அழகாக எழுதவும் தேவையில்லை.

இந்த முறையைப் பழகுவதற்குப் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தைவிட நல்ல பகுதி கிடையாது. கி.மு. 586ஆம் ஆண்டை ஒட்டி பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்து, ஆலயத்தை எரித்த பேரழிவின் பின்னணியில் எழுந்தது இந்நூல். ஐந்து அதிகாரங்களில் முதல் நான்கும் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையைப் பின்பற்றி அமைந்தவை. நகரம் இடிந்துகிடக்க, பஞ்சத்தில் குழந்தைகள் மடிந்துகொண்டிருக்க, எழுதியவர் தம் துயரத்துக்கு ஓர் ஒழுங்கான வடிவத்தைத் தேடியிருக்கிறார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, எதையும் விட்டுவிடாமல் சொல்லித் தீர்க்கும் முயற்சி அது. குறிப்பேட்டில் எழுதுமாறு உங்களைக் கேட்பதற்கும் இதுவே காரணம்: சொல்லப்படாத துயரத்துக்கு எல்லை தெரிவதில்லை.

“அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை”, “அவைகள் காலைதோறும் புதியவைகள்” என்ற புகழ்பெற்ற சொற்கள் 3:22, 23இல் வருகின்றன. வாழ்த்து அட்டைகளிலும் சுவர்ப் படங்களிலும் அவை மட்டுமே இருக்கும். ஆனால் முதல் வசனத்திலிருந்து வாசித்து வந்தால், பதினெட்டாம் வசனத்தில் இதே மனிதர் தன் பெலனும் நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று சொல்வதைக் காண்பீர்கள். நம்பிக்கை அழிந்தது என்ற வாக்குமூலத்துக்கும் இரக்கங்கள் புதியவை என்ற அறிக்கைக்கும் இடையே சில வசனங்களே உள்ளன. இருபத்தொன்றாம் வசனத்தில், ஒன்றை வலிந்து மனத்துக்குக் கொண்டுவந்து அதனால் நம்பிக்கை கொள்வதாக அவர் சொல்கிறார். நீங்கள் பென்சில் கோடு இடவேண்டிய இடம் அதுதான். அதற்குப் பின்னும் நூல் முடிந்துவிடவில்லை. நான்காம், ஐந்தாம் அதிகாரங்களில் மறுபடியும் துயரம் திரும்புகிறது. நூலின் கடைசி வசனமோ, கடவுள் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற ஏக்கத்தில் நிற்கிறது. உங்கள் மனநிலை நேர்கோட்டில் முன்னேறவில்லை என்றால், வேதாகமத்தின் இந்த நூலும் நேர்கோட்டில் முன்னேறவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: வாக்குறுதிகளைச் சூழலோடு சேர்த்து வாசியுங்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல்தான் சேர்த்தார். தேடி எடுப்பதற்கு அந்த எண்கள் பேருதவி; ஆனால் ஒவ்வொரு வசனமும் தனித்தனியே வந்திறங்கிய பொன்மொழி என்ற எண்ணத்தையும் அவையே நமக்குள் விதைத்துவிட்டன. எழுதியவர்கள் எண்கள் இட்டு எழுதவில்லை. அவர்கள் கடிதங்களையும் பாடல்களையும் வரலாறுகளையும் எழுதினார்கள்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவையே என்று கடவுள் சொல்லும் இந்த வசனம், துன்பத்தில் இருப்பவர்களுக்கு அதிகமாக அனுப்பப்படும் வசனங்களில் ஒன்று. அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து நாடுகடத்திப் பாபிலோனுக்குக் கொண்டுபோன மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால் காட்சி தெளிவாகும். அங்கே அனனியா என்ற மற்றொரு தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறார். கேட்க இனிமையான செய்தி. ஆனால் அது பொய் என்கிறார் எரேமியா. அவருடைய கடிதம் சொல்லும் காலம் எழுபது ஆண்டுகள். அந்தக் கடிதத்தைக் கேட்ட நடுத்தர வயதினர் எவரும் சொந்த ஊர் திரும்பப்போவதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நட்டு அவற்றின் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் சிறைபட்டிருக்கும் அந்த நகரத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்று கடிதம் தொடங்குகிறது. அதன்பிறகுதான் பதினொன்றாம் வசனம் வருகிறது.

சூழலோடு வாசித்தால் இந்த வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த மாதம் வேலை கிடைத்துவிடும் என்ற பொருளில் இதை எடுத்துக்கொண்டவர், அடுத்த மாதம் அது கிடைக்காதபோது வசனத்தையே இழந்துவிடுகிறார். கடவுளின் நல்ல நோக்கம் என் வாழ்நாளைவிட நீளமானதாக இருக்கலாம், ஆனாலும் இன்று நான் இருக்கும் இடத்தில் ஒரு செடியை நடுவதற்கு அது எனக்கு உரிமை தருகிறது என்று எடுத்துக்கொண்டவரிடமிருந்து அதை எளிதில் பறிக்க முடியாது. அனனியா தந்த நம்பிக்கைக்கும் எரேமியா தந்த நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், துன்பத்தில் இருப்பவரைத் தேடிவரும் எத்தனையோ இனிய உறுதிமொழிகளை எடைபோட ஓர் அளவுகோல் கையில் கிடைத்துவிடும்.

பிலிப்பியர் 4:13உம் இவ்வாறே. என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பது வெற்றி முழக்கமாகவே அதிகம் பயன்படுகிறது. பவுல் இதைச் சிறைக்கட்டில் இருந்து எழுதினார். முந்தின இரண்டு வசனங்களில் அவர் பட்டியலிடுவது வெற்றிகளை அல்ல. பசியாயிருப்பதையும், திருப்தியாயிருப்பதையும், குறைவையும், நிறைவையும் ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொண்டதைத்தான். ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார், அதாவது ஒரே நாளில் வந்ததல்ல. அடுத்த வசனத்திலேயே, தம் உபத்திரவத்தில் பிலிப்பியர் பங்குகொண்டது நல்லது என்று அவர்கள் அனுப்பிய உதவிக்காக மகிழ்கிறார். பிறர் உதவியை ஏற்பதை விசுவாசக் குறைவாக அவர் எண்ணவில்லை.

சூழலைத் துண்டித்து வசனத்தைப் பயன்படுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை வேதாகமமே காட்டுகிறது. மத்தேயு 4:6இல் சோதனைக்காரன் இயேசுவுக்குக் காட்டும் வசனம் 91ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டது. தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்துவார்கள், ஆகவே ஆலய உப்பரிகையிலிருந்து தாழக் குதியும் என்கிறான். மேற்கோளில் பிழையில்லை, அதைப் பயன்படுத்திய விதமே பிழை. ஆகவே எந்த வசனம் உங்கள் கைக்கு வந்தாலும், குறைந்தது அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இது தண்டனையா என்ற கேள்வியை ஒதுக்காதீர்கள்

துன்பத்தில் இருக்கும் பெரும்பாலோரை அரித்துக்கொண்டிருப்பது, நான் செய்த எந்தத் தவறுக்காக இது வந்தது என்ற கேள்வி. இதற்கு இரண்டு பகுதிகளை வாசியுங்கள். யோவான் 9ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள்; இருவருமே இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் எருசலேமில் இருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, இல்லை என்று விடையளிக்கிறார். எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்று தொடர்ந்து சொல்கிறார் என்பது உண்மை; ஆனால் இறந்தவர்களின் விபத்தை அவர்களுடைய பாவக் கணக்கோடு சேர்க்க அவர் இடம் கொடுக்கவில்லை. உண்மையிலேயே ஒரு தவறு உங்கள் மனச்சாட்சியை உறுத்துமானால் அதற்குரிய இடம் 51ஆம் சங்கீதமும் லூக்கா 15ஆம் அதிகாரமும். அங்கே போய் அதை அறிக்கையிட்டுவிடலாம். அதற்காக வந்த நோய்க்கும் நேர்ந்த விபத்துக்கும் நீங்களே காரணம் கற்பித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறாம் படி: உடலையும் மறக்க வேண்டாம்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா என்ற தீர்க்கதரிசி, அரசி யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்கிறார். அவருக்கு முதலில் கிடைப்பது உபதேசம் அல்ல. அவர் உறங்குகிறார், தூதன் எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான், சாப்பிட்டு மறுபடியும் உறங்குகிறார், இரண்டாம் முறையும் உணவு வருகிறது, பயணம் நெடுந்தூரம் என்ற காரணத்தோடு. ஓரேப் மலையில் கடவுளின் மெல்லிய சத்தத்தைக் கேட்பது அதற்கு நாற்பது நாட்களுக்குப் பிறகுதான். உணவும் உறக்கமும் ஆவிக்குரிய காரியங்களுக்குத் தடையானவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பகுதி இல்லை.

எலியாவைப் போலவே இனி வாழ வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருமானால், அந்த எண்ணத்தோடு தனியாக உட்கார்ந்து வேதம் வாசிப்பது போதாது. உடனே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதை வாய்திறந்து சொல்லுங்கள். மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ உங்கள் நாட்டிலுள்ள அவசர உதவி எண்ணையோ நாடுங்கள். வாரக்கணக்கில் உறக்கமோ பசியோ இல்லாமலிருப்பதும் மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியே. கொலோசெயர் 4:14இல் பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைக்கிறார். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஏழாம் படி: உடன் வாசிக்க ஒருவர்

யோபு புத்தகத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் செய்த மிகச் சிறந்த காரியம், ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததே. அவர்கள் வாய்திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. துன்பத்துக்குக் காரணம் சொல்லவும், யோபுவின்மேல் குற்றம் கண்டுபிடிக்கவும் அவர்கள் முனைந்தார்கள். நூலின் முடிவில், யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே அவர்களைக் கடிந்துகொள்கிறார். வாசிப்புத் துணையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வையுங்கள். நிறைய வசனம் தெரிந்தவரைவிட, நீங்கள் அழும்போது அவசரப்படாதவர் நல்லவர். போதகரோ, திருச்சபையில் மூத்த ஒருவரோ, நண்பரோ, யாராயினும் வாரம் ஒருமுறை சந்தித்து ஒரு சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள்; விளக்கம் தேவையில்லை. நீங்களாக வாசிக்க இயலாத வாரத்தில் அவர் வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

எட்டாம் படி: பதில் வராத நாட்களுக்கு

எல்லாவற்றையும் முறையாகச் செய்தும் உள்ளே ஒன்றும் அசையாத நாட்கள் வரும். அதற்கென்றே 88ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற முறையீட்டுப் பாடல்களில் காணப்படும் திருப்பம் இதில் இல்லை. பதினெட்டு வசனங்களும் இருளிலேயே முடிகின்றன. ஆனாலும் அதன் முதல் வசனம் கடவுளைத் தன் இரட்சிப்பின் தேவன் என்று அழைத்து, இரவும் பகலும் அவரை நோக்கிக் கூப்பிடுவதாகச் சொல்கிறது. ஒளி தெரியாதபோதும் கூப்பிடுவதை நிறுத்தாத அந்தச் செயலையே அந்நாளுக்குரிய நம்பிக்கையாக எண்ணிக்கொள்ளலாம்.

கேட்டது கிடைக்காதவர்களின் பதிவும் வேதாகமத்தில் உண்டு. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டதாக 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். முள் நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அதே கடிதத்தின் முதல் அதிகாரத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும் அளவுக்குப் பாரம் அழுத்தியதையும் அவர் மறைக்கவில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் விசுவாசத்தினால் ராஜ்யங்களை வென்றவர்களின் பட்டியல் முப்பத்தைந்தாம் வசனத்தின் நடுவில் சட்டென்று மாறி, அதே விசுவாசத்தோடு அடிக்கப்பட்டவர்களையும் கல்லெறியுண்டவர்களையும் பற்றிச் சொல்கிறது. இரு சாராரும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

இழப்பின் துயரத்தில் இருப்பவர்கள் யோவான் 11ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசிக்க வேண்டும். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13உம் துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நீண்ட நோயில் இருப்பவர்களுக்கு மாற்கு 5:25 முதல் 34 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நோயோடு போராடிக் கைப்பொருள் அனைத்தையும் செலவழித்த பெண்ணின் கதை இருக்கிறது. அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கு ஆபகூக்கின் மூன்று அதிகாரங்கள் உண்டு. எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பும் நகோமியின் கசப்பை ரூத் புத்தகத்தில் ஒரே அமர்வில் வாசித்துவிடலாம், நான்கே அதிகாரங்கள்.

ஏறக்குறைய ஆறு வாரங்கள் இப்படிச் சங்கீதங்களிலும் மேற்சொன்ன பகுதிகளிலும் பழகிய பிறகு, ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கத் தொடங்குங்கள். நான்கிலும் சிறியது மாற்கு, பதினாறு அதிகாரங்கள். அதன் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு சிலுவையிலிருந்து எழுப்பும் கூக்குரல் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதை, முறையீட்டுப் பாடல்களோடு பழகிய நீங்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். அங்கே வந்ததும் சுவிசேஷத்தை நிறுத்தி, 22ஆம் சங்கீதம் முழுவதையும் வாசித்துவிட்டுப் பதினாறாம் அதிகாரத்துக்குச் செல்லுங்கள். அதன்பின் லூக்கா 24ஆம் அதிகாரத்தில் எம்மாவு ஊருக்கு நடந்துபோன இருவரின் நிகழ்ச்சியையும், பிறகு ரோமர் 8ஆம் அதிகாரத்தையும் வாசிக்கலாம். 8:28ஐ மட்டும் தனியே எடுக்காமல், பதினெட்டாம் வசனத்திலிருந்து அதிகாரத்தின் இறுதிவரை ஒரே மூச்சில் வாசியுங்கள்.